சைக்கிளுக்கு இரண்டாயிரம் லூமன் எதற்கு?

வாசகர் கேள்வி, 3 ஜூன் 2025

ராமநாதபுரத்திலிருந்து ஏர்வாடி வரை வாரம் மூன்று நாள் விடியற்காலை நாலு மணிக்குச் சைக்கிள் ஓட்டுகிறேன். இப்போது இருப்பது 800 லூமன் லைட். 2000 லூமனில் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். எதிரில் வருகிறவர்களுக்குக் கண் கூசும் என்று வீட்டில் தடுக்கிறார்கள். லாரிக்காரர் எனக்காக டிம் அடிக்கிறாரா? வெளிச்சம் கூடக் கூடப் பாதுகாப்பு கூடும், அவ்வளவுதான். யாராவது மறுக்க முடியுமா?

3 ஜூன், இரவு

மறுக்கிறேன். மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு எதுவும் போகவில்லை. ஐஸ் பிளாண்டில் மெஷினைக் கழற்றிப் போட்டிருக்கிறார்கள். கணக்குப்பிள்ளைக்கு வேலை இல்லை, எழுத நேரம் நிறைய இருக்கிறது.

வேதாளையிலிருந்து மண்டபத்துக்கு இருபத்திரண்டு வருடமாகச் சைக்கிளில்தான் போகிறேன். படகு போகிற நாள்களில் ஐஸ் ஏற்ற வேண்டும், அதனால் இரவு இரண்டரைக்கே வீட்டை விட்டுக் கிளம்பிவிடுவேன். அந்த நேரத்து ரோட்டில் மாடு, ஆடு, மீன் வண்டி ஒழுகவிட்ட தண்ணீர் எல்லாம் எனக்குப் பழக்கம்.

மணிக்கு 15 கிலோமீட்டர் வேகம் என்று வைத்துக்கொள்வோம். விநாடிக்கு நாலு மீட்டர் சொச்சம். மாடு படுத்திருப்பது கண்ணில் பட்டு, கை பிரேக்குக்குப் போக ஒன்றரை விநாடி ஆகும். அதற்குள் ஆறு மீட்டர் போயிருப்பீர்கள். பிரேக் பிடித்து நிற்க இன்னும் இரண்டு மூன்று மீட்டர். ஆக, முன்னால் பதினைந்து மீட்டர் ரோடு தெரிந்தால் தாராளம். மிச்ச வெளிச்சமெல்லாம் அதைத் தாண்டிப் போய் யார் முகத்திலாவது விழும். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் பாதியாகக் குறையும்தான். ஆனாலும் இருட்டுக்குப் பழகிய கண்ணைக் கெடுக்க அது போதும்.

போன மார்ச் கடைசி, அமாவாசையை ஒட்டி. வேதாளை விலக்குப் பக்கம் ஒரு அப்பத்தா (ஊரே அப்படித்தான் கூப்பிடும், எழுபதைத் தாண்டியது) தலையில் சும்மாடு, அதன் மேல் காலிக் கூடையோடு மீன் வேன் பிடிக்க நடந்து வந்துகொண்டிருந்தது. எதிரே ஒரு சைக்கிள்காரன், ஹேண்டில்பாரில் பளீரென்று ஒரு லைட். அப்பத்தா கையை நெற்றிக்கு மேல் வைத்துக்கொண்டு ஓரம் ஒதுங்கியது. மண் அரித்துப் பள்ளமான ஓரம். கால் சறுக்கிக் கருவேல முள்ளுக்குள் விழுந்துவிட்டது. சைக்கிள்காரன் நிற்கக்கூட இல்லை.

4 ஜூன்

கதை வேண்டாம், கண்ணைப் பற்றிச் சொல் என்கிறார் சாயல்குடியிலிருந்து ஒரு வாசகர். சரி.

விழித்திரையில் கூம்புச் செல், குச்சிச் செல் என்று இரண்டு வகை. பகலுக்கும் நிறத்துக்கும் கூம்பு, இருட்டுக்குக் குச்சி. குச்சிச் செல்லில் ரோடாப்சின் என்ற நிறமி இருக்கிறது. பலமான வெளிச்சம் பட்டால் அது சிதைந்துபோகும். வைட்டமின் ஏ-யை வைத்து உடம்பு அதை மறுபடி கூட்டி முழுசாக்க இருபது முப்பது நிமிடம் பிடிக்கும். இருட்டில் நடந்து வருகிற ஆள் அரை மணி நேரமாகச் சேர்த்து வைத்த பார்வையை உங்கள் லைட் ஒரு நொடியில் செலவழித்துவிடும். நீங்கள் கடந்து போன பிறகுதான் அந்த ஆளுக்கு முழுக் குருடு.

எங்கள் அப்பா நாட்டுப்படகில் போனவர். ராத்திரிக் கடலில் தூரத்து மங்கல் வெளிச்சத்தை நேராகப் பார்க்காதே, ஒரு முழம் ஒதுக்கிப் பார் என்பார். ஏன் என்று அவருக்கும் தெரியாது. விழித்திரையின் நட்ட நடுவில் குச்சிச் செல்லே கிடையாது, சுற்றி ஓரத்தில்தான் இருக்கிறது. நான் இதைப் படித்துத் தெரிந்துகொள்ள நாற்பது வயதாயிற்று.

வயதானவர்கள் பாடு இன்னும் மோசம். லென்ஸ் மங்கியிருந்தால் எதிர் வெளிச்சம் கண்ணுக்குள்ளேயே சிதறி எல்லாவற்றின் மேலும் பால் ஊற்றின மாதிரி ஆகிவிடும். எனக்கு 57, இடது கண்ணில் புரை ஆரம்பம். அனுபவித்துச் சொல்கிறேன்.

5 ஜூன்

திருத்தம். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் பாதி இல்லை, கால் பங்கு. மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒன்று. தொண்டியிலிருந்து ஒரு வாத்தியார் காதைத் திருகிவிட்டார். கணக்குப்பிள்ளைக்கு அவமானம்தான்.

அதே கையோடு லூமனையும் லக்ஸையும் போட்டுக் குழப்பாதே என்றார். எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். லூமன் என்பது குழாயில் மொத்தமாக வருகிற தண்ணீர். லக்ஸ் என்பது ஓர் இடம் எவ்வளவு நனைந்தது என்பது. ஹோஸ் நுனியைக் கட்டை விரலால் அழுத்தினால் அதே தண்ணீர் எதிர்வீட்டுச் சுவர் வரை பீய்ச்சும் இல்லையா, அந்தப் பீய்ச்சலை அளப்பது கேண்டெலா. டப்பாவில் லூமனை மட்டும் கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். கண்ணைக் கூச வைப்பது அந்தப் பீய்ச்சல்.

8 ஜூன்

கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார். பைக்குக்கு இல்லாத கட்டுப்பாடு சைக்கிளுக்கு எதற்கு என்கிறார். பைக்குகளில் 2017 ஏப்ரலிலிருந்து முன்விளக்கை அணைக்கவே முடியாதபடிதானே செய்கிறார்கள் என்றும் ஒரு கொக்கி.

பைக்குக்குத்தான் கட்டுப்பாடு இருக்கிறது. சாதாரண பைக்கின் பழைய ஹாலோஜன் பல்பு 35 வாட். டிம்மில் அது தருவது ஐந்நூறு சொச்சம் லூமன். ஆமாம், உங்கள் 800-ஐ விடக் கம்மி. ஆனால் அந்த வெளிச்சம் கீழ்ப்பக்கமாக ரோட்டில் பரவும்படிதான் விளக்கின் உள்பக்கமும் கண்ணாடியும் செய்யப்பட்டிருக்கின்றன. சைக்கிளுக்கு என்று விற்கிற லைட்டில் பாதிக்கு மேல் டார்ச்தான், கிளாம்ப் மட்டும் கூட வருகிறது. வட்டமாக அடிக்கும். அந்த வட்டத்தில் கீழ்ப்பாதி ரோட்டுக்கு, மேல்பாதி பனைமரத்துக்கும் எதிரே வருகிற மனிதனுக்கும்.

ஜெர்மனியில் சைக்கிள் விளக்குக்குத் தனி விதியே உண்டு. 10 மீட்டர் தூரத்தில், நல்ல வெளிச்சமான இடத்தில் குறைந்தது 10 லக்ஸ் வேண்டும். எதிரில் வருகிறவரின் கண் மட்டத்துக்குப் போவது 2 லக்ஸைத் தாண்டக் கூடாது. மினுக்கி மினுக்கி எரிகிற லைட் சைக்கிளில் அறவே கூடாது. 2013 வரை பெரும்பாலான சைக்கிளுக்கு அங்கே டைனமோ கட்டாயம். நம் மோட்டார் வாகனச் சட்டத்துக்குச் சைக்கிள் ஒரு வாகனமே இல்லை, மோட்டார் இல்லையே. அதனால் எதை வேண்டுமானாலும் மாட்டிக்கொண்டு போகலாம்.

முன்னெல்லாம் ராத்திரியில் விளக்கில்லாமல் போனால் போலீஸ் பிடித்துக் காற்றைப் பிடுங்கி விடும். மண்ணெண்ணெய் விளக்கை முன்னால் மாட்டிக்கொண்டு போனதை நான் சின்னப் பிள்ளையாகப் பார்த்திருக்கிறேன். அது ரோட்டைக் காட்டவே காட்டாது. ஒரு ஆள் வருகிறான் என்று மட்டும் காட்டும்.

11 ஜூன்

ஒருவர் கேட்டார், லாரி, பஸ் முகப்பு விளக்கில் மேல்பாதிக்குக் கறுப்பு அடிப்பார்களே, அதுபோல டேப் ஒட்டினால் என்ன என்று. நல்ல யோசனை, செய்யுங்கள் என்று பதில் போட்டுவிட்டுத்தான் நானே செய்து பார்த்தேன். மன்னிக்கவும், வேலைக்காகவில்லை.

வீட்டுச் சுவரிலிருந்து ஐந்து மீட்டர் தள்ளிச் சைக்கிளை நிறுத்தி, லைட்டின் மேல்பாதியில் கறுப்பு டேப் ஒட்டி அடித்தேன். சுவரில் அதே வட்டம். கொஞ்சம் மங்கல், அவ்வளவுதான். மேல்பாதி வெட்டுப்படவே இல்லை. இந்தச் சின்ன லைட்டில் கண்ணாடியின் ஒவ்வொரு பகுதியிலிருந்தும் வருகிற ஒளி வட்டம் முழுக்கப் பரவுகிறது. பாதியை மூடினால் வட்டத்தின் பாதி மறையாது, மொத்தமும் பாதி வெளிச்சமாகும்.

அப்புறம் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலை நீளவாக்கில் வெட்டி, கறுப்பு அடித்து, லைட்டுக்கு முன்னால் கூரை மாதிரி நீட்டிக் கட்டினேன். ஓரமாகச் சிந்துகிற வெளிச்சம் மேலே போவது நின்றது. நடுப்பொட்டு அப்படியே இருந்தது. அதற்கு ஒரே வழி லைட்டைக் குனிய வைப்பது. என் லைட் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரம். பொட்டு பத்து மீட்டர் தூரத்தில் ரோட்டில் விழ வேண்டுமென்றால், ஐந்து மீட்டரில் சுவரில் அரை மீட்டர் உயரத்தில் விழ வேண்டும். அதாவது லைட் உயரத்தில் பாதி. சுவரில் கரித்துண்டால் ஒரு கோடு போட்டுப் பொட்டு அதில் உட்காருகிற வரை கிளாம்பைத் திருப்பினேன். கோடு இன்னும் இருக்கிறது. வீட்டில் திட்டு விழுந்துகொண்டிருக்கிறது.

12 ஜூன்

கடலில் எல்இடி லைட் அடித்து மீன் பிடிக்க 2017-இலேயே மத்திய அரசு தடை போட்டாயிற்று. ரோட்டில் எல்இடி அடித்து மனுஷரைப் பிடிக்கத் தடை இல்லை.

இதற்கு ஆமைக்குஞ்சை இழுத்து ஒருவர் எழுதியிருந்தார். அதுவும் நியாயம்தான். முகுந்தராயர் சத்திரம், தனுஷ்கோடி பக்கம் பங்குனி ஆமை முட்டையிடும், வனத்துறை முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் வைத்துக் குஞ்சுகளைக் கடலில் விடும். குஞ்சுக்குத் தெரிந்த ஒரே வழி எந்தப் பக்கம் வானம் வெளுப்பாக இருக்கிறதோ அந்தப் பக்கம் போவது. இயற்கையில் அது கடல் பக்கம். கரையில் லைட் எரிந்தால் ரோட்டுக்கு வந்து சாகும்.

17 ஜூன்

தடைக்காலம் முடிந்து படகுகள் போக ஆரம்பித்துவிட்டன. மறுபடி இரண்டரை மணி ரோடு. நேற்று அந்த விலக்கைத் தாண்டும்போது மனசு உறுத்தியது. சொல்லிவிடுகிறேன்.

முதல் நாள் நான் எழுதிய சைக்கிள்காரன் நான்தான்.

மருமகன் துபாயிலிருந்து கொண்டுவந்த லைட். 1200 லூமன் என்று டப்பாவில் போட்டிருந்தது. மாட்டின முதல் வாரம், தேர் ஓட்டுகிற மாதிரி ஒரு பெருமை. அன்றைக்கு அப்பத்தா ஓரமாகப் போனதைப் பார்த்தேன். வழிவிடுகிறது என்று நினைத்துக்கொண்டு மிதித்துப் போய்விட்டேன். மறுநாள் காலை டீக்கடையில் அப்பத்தா முழங்கையில் மஞ்சள் பற்றோடு உட்கார்ந்து, "எந்த எடுபட்ட பயலோ மூஞ்சியில லைட்ட அடிச்சிட்டுப் போயிட்டான்" என்று வைதுகொண்டிருந்தது. கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் வடையைப் பார்த்தேன்.

11-ஆம் தேதி சுவரில் அடித்துப் பார்த்ததும் அதே லைட்தான்.

18 ஜூன்

நிறையப் பேர் திட்டியிருக்கிறீர்கள். சரி. "நிற்கக்கூட இல்லை என்று அடுத்தவனைச் சொல்கிற மாதிரி எழுதினாயே" என்பதற்கு என்னிடம் பதில் இல்லை.

"பார்த்தும் ஏன் புரியவில்லை" என்று கேட்டவருக்கு மட்டும் பதில். எனக்கு அப்பத்தா நன்றாகத் தெரிந்தது. சேலை நிறம், கூடைப் பின்னல் வரைக்கும் தெரிந்தது. அவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால்தான் மோசம் போனேன். எனக்கு எல்லாம் தெரிகிறதே, அதற்கும் தெரியும் என்று நினைத்துவிட்டேன். பழைய டைனமோ விளக்காக இருந்தால் எனக்கும் அரைகுறையாகத்தான் தெரிந்திருக்கும். மெதுவாகப் போயிருப்பேன், பெல் அடித்திருப்பேன், "யாரு?" என்று ஒரு குரல் கொடுத்திருப்பேன்.

30 ஜூன்

கச்சான் காற்று பிய்த்துக்கொண்டு போகிறது. நேற்று ஒரு வேலையாகப் பாம்பன் சாலைப்பாலத்தில் சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் போக முடிந்தது. 2.345 கிலோமீட்டர், 1988-இல் திறந்த பாலம், அதில் ஏறி மிதிக்கிற வயது எனக்கு 88-இலேயே முடிந்துவிட்டது போலிருக்கிறது. இந்தக் காற்றில் ஹேண்டில்பார் ஆடும்போது லைட்டும் ஆடுகிறது. எதிரே வருகிறவருக்கு மூஞ்சியில் அடித்து எடுத்து அடிக்கிற மாதிரி இருக்கும். குனிய வைத்த லைட்டுக்கு அந்தத் தொல்லை குறைவு.

டைனமோ பற்றிக் கேட்டவருக்கு: சைக்கிள் கடைக் காக்காவிடம் விசாரித்தேன். பழைய டைனமோ ஒன்றை எடுத்துத் துடைத்து வைத்தார். 6 வோல்ட், 3 வாட். டயரில் உரசும், கால் கனக்கும், மழையில் வழுக்கும், நின்றால் விளக்கும் நின்றுவிடும். "நம்ம ஊரு உப்புக்காத்துல ரெண்டு வருசம் தாங்கினா பெருசு. ஆனா பாருங்க, இத மாட்டிக்கிட்டு யாரும் யாரையும் தள்ளி விட்டதில்ல" என்றார். அவருக்கும் சங்கதி தெரிந்திருக்கிறது. அந்த டீக்கடை மண்டபம் வரைக்கும் பேசும்.

வாங்கவில்லை. இருக்கிற லைட்டிலேயே மூன்று நிலை உண்டு. ஆகக் கீழ் நிலையில் வைத்து, குனிய வைத்து ஓட்டுகிறேன். ரோடு தெரிகிறது. சார்ஜும் நாலு நாள் வருகிறது.

9 ஜூலை

இத்தனை நாள் முன்விளக்கைப் பற்றியே பேசிவிட்டோம். கேட்டவர் பயப்படுவது லாரிக்கு. லாரி பெரும்பாலும் பின்னாலிருந்துதானே வரும்? முன்னால் 2000 லூமன் மாட்டினால் பின்னால் வருகிறவருக்கு என்ன தெரியும்?

60 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற லாரி நூறு மீட்டரை ஆறு விநாடியில் கடக்கும். அந்த ஆறு விநாடிக்கு முன்பே நீங்கள் டிரைவர் கண்ணில் பட்டாக வேண்டும். அதற்கு, சைக்கிளின் பின்னால் சின்னச் சிவப்பு லைட் ஒன்று, நின்று எரிவதாக. கூடவே மட்கார்டில் டேஞ்சர் லைட், மிதியில் மஞ்சள் ரிஃப்ளெக்டர். மிதி மேலும் கீழும் போய் வருவதால் பார்க்கிறவருக்கு இது சைக்கிள்தான் என்று உடனே பிடிபடும். என் கேரியரில் ரேடியம் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறேன். பெயர்தான் ரேடியம், அதில் ரேடியம் ஒரு பொட்டு கிடையாது. நுண்ணிய கண்ணாடி மணிகள், விழுகிற வெளிச்சத்தை வந்த வழியே திருப்பி அனுப்பும். எத்தனை பெரிய லாரியாக இருந்தாலும் அதன் வெளிச்சம் அதன் டிரைவருக்கே திரும்பிப் போகும், மற்றவர் கண்ணில் குத்தாது. குறை என்னவென்றால், வெளிச்சம் நேராக விழாத வளைவில் அது செத்த ஸ்டிக்கர். அதனால்தான் லைட்டும் வேண்டும்.

என் பேத்திக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த சைக்கிளில் விளக்கே இல்லை. டியூஷன் முடிந்து ஏழரைக்கு வருகிறாள். அதற்கும் ஒட்டியாயிற்று. மல்லிகைப்பூ வைத்த மாதிரி இருக்கிறதாம், பிடிக்கவில்லையாம்.

26 ஜூலை

ஆடி அமாவாசைக்குச் சேதுக்கரை போயிருந்தோம். முந்தின ராத்திரி திருப்புல்லாணியில் இறங்கி, கூட்டத்தோடு கூட்டமாக நடை. இந்தத் தடவை நான் நடக்கிற பக்கம். எதிரே வருகிற ஒவ்வொரு வண்டிக்கும் அத்தனை பேரும் ஒரே மாதிரி கையை நெற்றிக்கு மேல் கொண்டுபோகிறார்கள். மார்ச்சில் அப்பத்தா செய்தது அப்படியே. நடுவில் இரண்டு பையன்கள் சைக்கிளில், மினுக்குகிற வெள்ளை லைட்டோடு வந்தார்கள். மினுக்கினால் தூரமே பிடிபடுவதில்லை. பக்கத்தில் இருக்கிறானா, பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறானா? என் மனைவி என் சட்டையைப் பிடித்து இழுத்துத்தான் நகர்ந்தேன்.

"தம்பி, கீழ பாத்து அடிங்கப்பா" என்றேன். ஒரு பையன் உடனே திருப்பினான். இன்னொருவன், "உங்களுக்குத்தான் வெளிச்சம் காட்டுறேன்" என்றான். கெட்ட எண்ணமே இல்லை. நிஜமாகவே உபகாரம் என்று நினைத்திருக்கிறான்.

3 ஆகஸ்ட்

கேட்டவர் 2000 வாங்கிவிட்டாராம். படம் போட்டிருக்கிறார், நன்றாகத்தான் இருக்கிறது. சுவரில் கோடு போட்டீர்களா? பின்னால் சிவப்பு இருக்கிறதா? அது படத்தில் இல்லை.

நான் இன்று காலை டீக்கடையில் அப்பத்தாவிடம் சொல்லிவிட்டேன். "அன்னிக்கு லைட் அடிச்சது நான்தான் அப்பத்தா."

"தெரியும்யா. ஒஞ் செயினு கரகரன்னு கத்திக்கிட்டு வருமே, அது எனக்குத் தெரியாதாக்கும்."

"பெறகு ஏன் எந்தப் பயலோன்னு வஞ்சீங்க?"

"நீ வாயத் தொறக்கிறியான்னு பாத்தேன். வடையத்தான தின்ன."

கடைக்காரர் சிரித்து டீயைக் கொட்டிவிட்டார். அப்புறம் அப்பத்தாவே கேட்டது, "ஆமா, இப்பக் கொஞ்ச நாளா சத்தத்தவே காணோம்?" தடைக்காலத்தில் சும்மா இருந்தபோது செயினைக் கழற்றிக் கழுவி எண்ணெய் போட்டதைச் சொன்னேன்.

"அந்த வேலையெல்லாம் வச்சுக்காத. லைட்ட எங்க வேணா திருப்பிக்க. நீ வர்றது எனக்குக் கேக்கணும்."

உப்புக்காற்று, இன்னும் பத்து நாளில் தானாகக் கரகரக்கும். அதுவரைக்கும் விலக்குப் பக்கம் வந்தால் பெல் அடித்துக்கொண்டு போகிறேன்.